டாட் காம் டொமைனுக்கு யுடிஆர்பி புகார்: பதில் போடுவது எப்படி?

குறிஞ்சிநெட்:
2013-ல் பதிந்த டாட் காம். பெயர் சாதாரணத் தமிழ்ச் சொல். அதில் காய்கறி விதை விற்பனை நடக்கிறது. அதே சொல்லுக்கு 2019-ல் டிரேட்மார்க் வாங்கிய நிறுவனம் இப்போது வைப்போவில் (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) யுடிஆர்பி (டொமைன் பெயர்த் தகராறை நடுவர் மூலம் தீர்க்கும் விதிமுறை) புகார் கொடுத்துள்ளது. டொமைன் லாக் ஆகிவிட்டது (யாருக்கும் மாற்ற முடியாது). "என்ன விலை?" என்று அவர்களே தனி மெயிலும் அனுப்பியிருக்கிறார்கள். முதலில் என்ன செய்வது?

பதிவேடு:
விலை சொல்லாதீர்கள். மார்க் உரிமையாளரிடமே லாபத்துக்கு விற்க நீங்கள் டொமைனைப் பதிந்ததாகக் காட்டுவதற்குத்தான் அந்த மெயில். சமரசப் பேச்சு என்று நினைத்து எழுதுவதும் நடுவர் கைக்குப் போகும்.

லாக் வழக்கமான நடைமுறை, பயப்பட ஒன்றுமில்லை. ரினியூவல் தேதியைப் பாருங்கள். இடையில் காலாவதியானால் புகார் கொடுத்தவரே புதுப்பித்துக்கொள்ளலாம். வழக்கு தொடங்கியதாக வைப்போ அறிவித்த நாளிலிருந்து 20 நாள் கெடு, கேட்டால் தானாகவே 4 நாள் கூடும். ஒற்றை நடுவர் என்றால் உங்களுக்குக் கட்டணமே இல்லை.

சட்டக்குறிப்பு:
பெயர் ஒற்றுமை, உங்களுக்கு நியாயமான உரிமை இல்லாமை, தீயநோக்கம் மூன்றையும் நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. பெயர் ஒற்றுமையில் மல்லுக்கட்டிப் பயனில்லை. பதிந்தபோதும் தீயநோக்கம், பயன்பாட்டிலும் தீயநோக்கம் என்று இரண்டும் வேண்டும். 2013-ல் இல்லாத மார்க்கைக் குறிவைத்துப் பதிந்திருக்க முடியாது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டிரேட்மார்க் விண்ணப்பத்தில் 'யூசர் டேட்' (மார்க்கை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறார்கள் என்ற தேதி) என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 2010 என்றிருந்தால், டிரேட்மார்க் பதிவுக்கு முந்தைய பயன்பாட்டை வைத்து வாதாடுவார்கள்; அதற்கு அவர்கள் பில், விளம்பரம் காட்டியாக வேண்டும். டொமைனை வேறொருவரிடம் வாங்கியிருந்தால் வாங்கிய தேதிதான் கணக்கு.

வேபேக் மெஷின் (தளங்களின் பழைய நகல்களைச் சேமிக்கும் இணையக் காப்பகம்) பக்கங்கள், பழைய விற்பனை பில்கள், ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிந்து தந்த நிறுவனம்) ரசீதுகள் எல்லாவற்றையும் இணைப்பாகக் கொடுங்கள். சான்றில்லாத வாக்குமூலத்துக்கு மதிப்பு குறைவு.

குறிஞ்சிநெட்:
நேரடியாகப் பதிந்ததுதான். நடுவில் சில மாதம் பார்க்கிங் பக்கம் (தளம் இல்லாமல் தானாக விளம்பரம் மட்டும் காட்டும் பக்கம்) இருந்தது.

சட்டக்குறிப்பு:
அவர்கள் தொழில் சார்ந்த விளம்பரம் அதில் வந்திருந்தால் தலைவலிதான். தானாக வந்தது என்றாலும் பொறுப்பு உங்களுடையது. ஆனாலும் பதிந்தபோது தீயநோக்கம் இல்லையென்றால் அது மட்டும் போதாது.

மூவர் குழு கேட்டால் மொத்தம் 4,000 டாலர், பாதி உங்கள் தலையில். இந்த வழக்கில் செலவழிக்கலாம் என்பேன். 'ரிவர்ஸ் டொமைன் ஹைஜாக்கிங்' (புகாரைத் தவறாகப் பயன்படுத்தி டொமைனைப் பறிக்கும் முயற்சி) என்று அறிவிக்கவும் கேளுங்கள். பணம் வராது, தீர்ப்பில் பதிவாகும். தோற்றால் 10 வேலைநாளுக்குள், புகாரில் குறித்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அந்த ஆவணத்தை ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்புங்கள், டொமைன் அவர்களுக்கு மாறுவது நிற்கும்.

பதிவேடு:
அதே பெயரில் டாட் இன் வைத்திருக்கிறீர்களா? அதற்கு நிக்ஸியின் (டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் இந்திய அமைப்பு) ஐஎன்டிஆர்பி என்ற தனி விதிமுறை. அங்கே பதிவு 'அல்லது' பயன்பாடு, ஏதாவது ஒன்றில் தீயநோக்கம் இருந்தாலே போதும். அதில் பார்க்கிங் ஓடினால் உடனே எடுங்கள்.