ஸ்கேன் செய்த இன்வாய்ஸில் தொகை தப்பாக வருகிறது: படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் இன்ஜினை மாற்றினால் தீருமா?

தாள்கட்டு:
வணக்கம். தினமும் சுமார் 300 இன்வாய்ஸ், ஏறக்குறைய 40 சப்ளையர்கள். ஃபீடர் ஸ்கேனரில் 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி), கறுப்பு-வெள்ளை. தாளிலிருந்து தகவலை எடுக்கும் கேப்சர் மென்பொருளில் ஒவ்வொரு சப்ளையருக்கும் டெம்ப்ளேட் போட்டு, இன்வாய்ஸ் எண், தேதி, வரி, மொத்தம் எல்லாவற்றுக்கும் கட்டம் வரைந்திருக்கிறோம். மூன்று சிக்கல்கள்.

450.00 என்று அச்சாகியிருப்பது சில தாள்களில் 1450.00 ஆகிவிடுகிறது, அதுவும் 90-க்கு மேல் கான்ஃபிடன்ஸோடு (படித்தது சரி என்று இன்ஜின் தானே போட்டுக்கொள்ளும் ஸ்கோர்). சீல் குத்திய இடத்தில் எதுவும் படிக்கப்படுவதில்லை. பொருள் விவரம் இரண்டு வரிக்கு நீண்டால் விலைகள் ஒரு வரி தள்ளிப்போய் ஒட்டிக்கொள்கின்றன.

மென்பொருள் விற்றவர்கள் துல்லியம் 99 சதவீதம் என்கிறார்கள். ஆனால் சரிபார்ப்பவர்கள் பாதித் தாள்களைத் தொட வேண்டியிருக்கிறது. வேறு இன்ஜினுக்குப் போகலாமா?

பிக்சல்:
இன்ஜின் இருக்கட்டும், முதலில் ஸ்கேனர் மூடியைத் திறந்து பாருங்கள். ஃபீடரில் தாள்தான் நகரும், சென்சார் நின்ற இடத்திலேயே நிற்கும். கண்ணாடிப் பட்டையில் கடுகளவு பசை ஒட்டியிருந்தாலும் தாளின் தலை முதல் அடி வரை செங்குத்தாக ஒரு கோடு விழும். அந்த மங்கலான கோடு கறுப்பு-வெள்ளையாக மாறும்போது துண்டு துண்டாக உடைகிறது. அப்படி ஒரு துண்டு 450-க்கு இடப்பக்கம், எண்ணின் உயரத்துக்கே நின்றுவிட்டால், எந்த இன்ஜினும் அதை 1 என்றுதான் படிக்கும். வடிவம் தெளிவாக இருப்பதால் ஸ்கோரும் ஏறிவிடுகிறது.

ஒரு வெற்று வெள்ளைத் தாளை ஃபீடரில் விட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் வைத்து இரு பக்கக் கண்ணாடிகளையும் துடையுங்கள், உருளைகளையும் சேர்த்து. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முன்னால் வெள்ளைத் தாள் ஒன்றை ஓட்டிவிடுவது நல்ல பழக்கம். கோடு நீக்கும் ஃபில்டரை முடுக்கிவிட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள், அது நிஜமான 1-களையும் தின்றுவிடும்.

அடுத்தது 200 டிபிஐ. 8 பாயின்ட் எழுத்தில் தசமப் புள்ளி அந்த அளவில் 2 அல்லது 3 பிக்சல்தான். அதன்மேல் புள்ளி நீக்கும் ஃபில்டரும் ஓடினால் 450.00 என்பது 45000 ஆகும். 300-க்கு ஏற்றுங்கள், 6 பாயின்ட் பொடியெழுத்து வருகிற தாள்களுக்கு 400. பழைய 200 படத்தை மென்பொருளில் பெரிதாக்கினால் தொலைந்த புள்ளி திரும்பி வராது.

சீல் விஷயத்துக்குக் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். சிவப்பு மையானால் சிவப்புச் சேனலை (கலர் படத்தின் சிவப்புப் பகுதியை) மட்டும் எடுத்தால் சீல் வெளிறிப்போய், கறுப்பு அச்சு அப்படியே நிற்கும். நீல மைக்கு நீலச் சேனல். இன்வாய்ஸே நீலத்தில் அச்சாகியிருந்தால் அதுவும் சேர்ந்து மறையும், ஆகவே இதை டெம்ப்ளேட்வாரியாக வையுங்கள். கறுப்புச் சீலுக்கு இந்த வழி உதவாது, அந்தத் தாள்கள் நேரே மனிதரிடம் போகட்டும்.

இன்னொன்று, ஜேபிக்-2 என்ற சுருக்கும் முறை தகவல் இழக்கும் வகையில் இயங்கினால், ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளை ஒரே உருவால் நிரப்பிவிடும். 2013-ல் நகல் இயந்திரங்களில் 6-கள் 8 ஆனது இதனால்தான். படம் பளிச்சென்று இருக்கும், எண் மட்டும் வேறாக இருக்கும். இந்தத் தெரிவை அணைத்துவிடுங்கள்.

வரிக்கணக்கு:
99 சதவீதம் என்பது எழுத்துக்கு. 10 எழுத்துள்ள ஒரு ஃபீல்டு (தேதி, மொத்தம் போல ஒரு கட்டத்தின் மதிப்பு) முழுக்கச் சரியாக வர வாய்ப்பு 0.99-இன் 10-ஆம் அடுக்கு, அதாவது ஏறக்குறைய 90 சதவீதம். தாளுக்கு இப்படி 8 ஃபீல்டு என்றால் சுமார் 45 சதவீதத் தாள்களே கை படாமல் தேறும். நிஜத்தில் பிழைகள் மோசமான தாள்களில் குவியும் என்பதால் நிலைமை இதைவிடக் கொஞ்சம் தேவலை. உங்கள் "பாதித் தாள்கள்" எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

கான்ஃபிடன்ஸ் 90 என்றால் 90 சதவீதம் சரி என்று பொருளே இல்லை, அது அந்த இன்ஜின் தனக்குள் வைத்திருக்கும் அளவுகோல். உங்கள் தாள்களிலேயே 200-ஐ எடுத்து, சரியான மதிப்புகளைக் கையால் தட்டச்சு செய்து வையுங்கள். ஃபீல்டுவாரியாக ஸ்கோர் வரிசையில் அடுக்கி, எந்த ஸ்கோருக்கு மேல் தப்புகள் வருவதில்லை என்று பார்த்து எல்லையை வையுங்கள். மொத்தத் தொகைக்கும் தேதிக்கும் ஒரே எல்லை பொருந்தாது. கவனிக்க வேண்டிய எண் ஒன்றுதான்: தப்பாகப் படித்தும் கொடி காட்டாமல் உள்ளே போனவை எத்தனை.

1450-ஐ ஸ்கோர் பிடிக்காது, கணக்குதான் பிடிக்கும். எண்ணிக்கை × விலை = அந்தப் பொருளின் தொகை. பொருள்களின் தொகைக் கூட்டல் + வரி (டாக்ஸ்) = மொத்தம். ரவுண்டிங் வித்தியாசத்துக்காக ஓரிரு சிறு அலகு விட்டுக்கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கணக்கு இடித்தால் மென்பொருளே சரியான எண்ணை ஊகித்துக் காட்டலாம், ஆனால் சத்தமில்லாமல் மாற்றி எழுத விடாதீர்கள். தேதியில் 03/04 வந்தால் நாளா மாதமா என்பதைச் சப்ளையர்வாரியாகப் பதிந்து வையுங்கள். 1.250,00 என்று (தசமத்துக்குக் காற்புள்ளி வைத்து) எழுதும் சப்ளையர் இருந்தால் அவருக்கும் அப்படியே.

அட்டவணைக்கு ஒரு விதி: தொகைப் பத்தியில் எண் இருக்கும் இடத்தில்தான் புது வரி தொடங்குகிறது, எண் இல்லாத வரி மேலுள்ளதன் தொடர்ச்சி. பத்தியின் எல்லையை வலது ஓரத்தை வைத்துக் கணியுங்கள், எண்கள் வலப்பக்கம் ஒட்டித்தான் அச்சாகும். சில சப்ளையர்கள் தொகையை விவரத்தின் கடைசி வரியிலோ நடுவிலோ போடுவார்கள். அவர்களுக்கு விதியைத் திருப்பித் தனியாக எழுத வேண்டும். பக்க அடியில் வரும் "முன்கொண்டு சென்றது" என்ற, அதுவரையான கூட்டல் உள்ள வரியை நீக்க மறந்தால் கூட்டல் இரட்டிப்பாகும்.

தாள்கட்டு:
மிக்க நன்றி. வெள்ளைத் தாளில் கோடு இருக்கிறது, வலப்பக்கம், தொகைப் பத்தி விழும் இடத்திலேயே. இன்னும் இரண்டு சந்தேகம். சில சப்ளையர்களின் மொத்தம், பொருள் எண்ணிக்கையைப் பொறுத்து மேலும் கீழும் நகர்கிறது, கட்டம் தவறிவிடுகிறது. மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப்களையும் அச்செடுத்து ஸ்கேன் செய்துதான் போடுகிறோம், அது சரியா?

பிக்சல்:
அச்செடுப்பதை இன்றே நிறுத்துங்கள். பிடிஎஃப்பில் எழுத்தை மவுஸால் தேர்ந்தெடுக்க முடிந்தால் உள்ளே எழுத்து அடுக்கு இருக்கிறது, நேரே அதைப் படித்தால் ஓசிஆர் பிழைக்கே இடமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பக்கம் முழுவதும் ஒரே படம், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்து என்றிருந்தால், அனுப்பியவரே ஸ்கேன் செய்து ஓசிஆர் ஓட்டியிருக்கிறார். அதை ஸ்கேன் தாளாகவே நடத்துங்கள்.

நகரும் தொகைக்கு நிலையான கட்டம் பயன்படாது. "டோட்டல்" என்ற சொல்லைத் தேடி, அதே வரியில் வலப்பக்கமுள்ள எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். "சப்டோட்டல்" என்பதற்குள்ளும் அந்தச் சொல் ஒளிந்திருக்கிறது. ஆகவே முழுச் சொல்லாகத் தேடி, கடைசிப் பக்கத்தில் கடைசியாக வருவதை எடுங்கள். ஓரெழுத்துப் பிழையை அனுமதியுங்கள். 40 டெம்ப்ளேட் தேவைப்படாது, அதிகம் அனுப்பும் பத்துப் பேருக்கு வைத்தால் போதும்.

இன்வாய்ஸ்களைப் பிரிக்க வெற்றுத்தாள் வைக்கிறீர்களா? இருபக்க ஸ்கேனில் வெறுமையான பின்பக்கங்களும் பிரிப்பானாகிவிடும். கோட்-128 பார்கோடு அச்சிட்ட தாள் வையுங்கள்.

அச்சுக்கோவை:
மொழி மாதிரிகளை (எழுத்தை உருவாக்கும் ஏஐ) கொண்டு படத்திலிருந்து நேரே எடுக்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை. தாளில் இல்லாத இன்வாய்ஸ் எண்ணையும் நம்பும்படியாக அவை எழுதித் தரும். ஒவ்வொரு மதிப்பும் ஓசிஆர் தந்த சொற்களில் அப்படியே இருக்கிறதா, எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒப்பிட்டு, இல்லாததைத் தள்ளுங்கள். இல்லாத ஃபீல்டைக் காலியாக விடும்படி கட்டளையிலேயே சொல்லுங்கள். வரிக்கணக்கு சொன்ன கூட்டல் சோதனை இதற்கும் வேண்டும்.

எந்த மாற்றத்தையும் ஒவ்வொன்றாகச் செய்து, அதே 200 தாள்களில் மறுபடி ஓட்டுங்கள். டிபிஐ, ஃபில்டர் போன்ற ஸ்கேன் மாற்றமானால் காகிதத்தையே மறுபடி ஃபீடரில் விட வேண்டும், ஆகவே அந்த 200-ஐயும் கட்டிப் பத்திரமாக வையுங்கள்.