மனை முழுக்க வேலிகாத்தான்: வேரோடு தோண்டலாமா?

காட்பாடி மனை:
வணக்கம். காட்பாடி பக்கம் ஐந்து சென்ட் மனை வாங்கி நாலு வருடம் எட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டோம், இப்போது உள்ளே கால் வைக்க முடியாத அளவுக்கு வேலிகாத்தான். போன வருடம் ஆள் விட்டு வெட்டினோம். ஒரு மழைதான், கட்டைக்கு ஏழெட்டுக் கிளை துளிர்த்து முன்பைவிட அடர்த்தியாகிவிட்டது. தை மாதம் கடைக்கால் போட வேண்டும். பொக்லைன் வைத்து எடுக்கலாம் என்றால், இங்கிலாந்தில் இருக்கும் அக்கா, அங்கே ஜப்பான் நாட்வீட் என்று ஒரு செடி, தோண்டினால் இன்னும் பரவுமாம், நீயும் தோண்டாதே என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் கட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் விவசாயி:
தம்பி, தயங்காமல் தோண்டுங்கள். தெற்கே சீமைக்கருவேலம் என்பதும் இதுதான். தரைக்குக் கீழே ஒரு அடி வரைக்கும் இருக்கும் தடித்த அடிக்கட்டையில்தான் துளிர் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும், அதை விட்டுவிட்டு மேலே எத்தனை முறை வெட்டினாலும் வரத்தான் செய்யும். ஒன்றரை அடி தோண்டி அந்தக் கட்டையை எடுத்துவிட்டால் போதும், அதற்குக் கீழே ஆழமாகப் போகும் வேர் அறுந்து மண்ணில் நின்றாலும் துளிர்க்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியிருக்கும்போது செய்யுங்கள், சின்ன மரமென்றால் கடப்பாரையே போதும்.

இன்னொன்று. கரி மூட்டம் போடுகிறவர்களும் செங்கல் சூளைக்காரர்களும் விறகுக்காக வந்து வெட்டிக்கொண்டு போவார்கள், ஆனால் தரையோடு வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கட்டையையும் பெயர்த்துத் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் நிலத்தில் நான் அதைப் பேசாமல் விட்டு மூன்று வருடம் வீணானது.

லண்டனில் வேலூர்க்காரி:
உங்கள் அக்கா சொன்னது நாட்வீட்டுக்கு ரொம்பச் சரி. பிரிட்டனில் அது விதையால் பரவுவதில்லை, நகக்கண் அளவு கிழங்குத் துண்டு மண்ணில் விழுந்தாலே புதுச் செடி வந்துவிடும். அதனால் தோண்டிய மண்ணைக்கூட நினைத்த இடத்தில் கொட்ட முடியாது, அந்தச் செடியை வெளியே இயற்கையான இடங்களில் பரவ விடுவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீடு விற்கும்போது நாட்வீட் இருக்கிறதா என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், இருந்தால் வங்கிக் கடன் கிடைப்பதும் சிரமம். இங்கே பலர் கோடை முடிவில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடித்து, பல வருடம் திரும்பத் திரும்பக் கவனிக்கிறார்கள். வேலிகாத்தான் நேர் எதிர். அது வேர்த்துண்டில் வராது, விதையில் வரும்.

பாலாற்றங்கரை:
ஆமாம், விதைதான் பெரிய தொல்லை. ஆடு மாடு நெற்றைத் தின்று புழுக்கையிலும் சாணத்திலும் விதையைப் போடும், வயிற்றுக்குள் போய் வந்த விதை இன்னும் நன்றாக முளைக்கும், மண்ணில் பல வருடம் கெடாமலும் கிடக்கும். அதனால் முதலில் வேலி போட்டு ஆடு வராமல் பாருங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு நடை போய், விரல் நீளத்தில் இருக்கும்போதே கன்றுகளைப் பிடுங்கிவிடுங்கள். கிணறோ போரோ பக்கத்தில் இருந்தால் மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். முள்ளையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள், செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறி என் பையனுக்குக் கால் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது.

காட்பாடி மனை:
ரொம்ப நன்றி. பக்கத்து மனையில் கிணறு இருக்கிறது, அதனால் மண்ணெண்ணெய் இல்லை. கார்த்திகையில் பொக்லைன் சொல்லிவிடுகிறேன், அக்காவிடமும் வித்தியாசத்தைச் சொல்கிறேன்.