ஒரே பெயரில் இரண்டு ஆட்டோகேட் பிளாக்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

சிங்கப்பூர் உபி, இயந்திர மின்பொறியியல் வரைவாளர்:

ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் ஒரு பெயரில் சேமித்து வேண்டிய இடமெல்லாம் போடும் வடிவம்தான் பிளாக். ‘எஸ்டி’ என்ற பெயரில் ஆளுக்கொரு பிளாக் வைத்திருக்கும் தொழில் நம்முடையது. தீ எச்சரிக்கைப் பிரிவுக்கு அது புகை உணர்கருவி. குளிர்சாதனக்காரருக்கு டிஃப்யூசர், அதாவது உட்கூரையில் குளிர்காற்று வீசும் வாய். கட்டடக் கலைஞர் அலுவலகத்திலோ கழிவறைச் சுவரில் மாட்டும் சோப்புப் பெட்டி. தனித்தனிக் கோப்புகளில் இருக்கும்வரை யாருக்கும் தொல்லையில்லை.

ஓர் அலுவலகக் கட்டடத்தின் உட்கூரை வரைபடத்தில் டிஃப்யூசர்கள் ஏற்கெனவே இருந்தன. துணை ஒப்பந்ததாரரின் வரைவாளர் தீ எச்சரிக்கை வரைபடத்தை அப்படியே நகலெடுத்து அதில் ஒட்டினார். ஒவ்வொன்றும் தன் இடத்தில் அச்சுப் பிசகாமல் விழுந்தது. ஆனால் உணர்கருவியின் சிறு வட்டங்கள் எல்லாம் டிஃப்யூசரின் 600க்கு 600 மில்லிமீட்டர் சதுரங்களாகிவிட்டன. ஆட்டோகேடின் சட்டம் அதுதான்: அந்தப் பெயரில் கோப்பில் முன்பே ஒரு பிளாக் இருந்தால் அதுவே செல்லும், புதிதாக வருவதன் வடிவம் தள்ளப்படும். அதற்கான அறிவிப்பு கமாண்ட் வரியில் ஓடி மறையும். எஃப் 2 அழுத்தி, ஓடிப்போன வரிகளைப் பார்ப்பவர் எத்தனை பேர்?

சோப்புப் பெட்டியாக மாறியிருந்தால் முதல் பார்வையிலேயே சிரித்திருப்போம். உட்கூரையில் சதுரம் இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? டிஃப்யூசர் எண்ணிக்கை எடுத்தவர், ‘இவ்வளவு சிறிய தளத்துக்கு இத்தனையா?’ என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இதில் எனக்கு எரிச்சலூட்டியது வேறொன்று. காற்று வீசும் வாய்க்கு அருகில் உணர்கருவி இருந்தால், புகை அதை எட்டுவதற்குள் கலைந்துவிடும். அந்த இடைவெளியைச் சரிபார்ப்பதற்காகவே போடும் வரைபடம் அது.

பெயரை வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லாமல் போயிற்று. நல்லவேளை, ஒட்டியவை தம் பழைய லேயரிலேயே (வரைபட அடுக்கிலேயே) இருந்தன. லேயரைக் கொண்டு தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு, மூலக் கோப்பில் ரீநேம் கொடுத்து பிளாக்கை ‘எஃப்ஏ-எஸ்டி’ ஆக்கி, மறுபடி ஒட்டினோம்.

காக்கி புக்கிட், கட்டடக் கலைப் பிரிவு:

தம்பி சொன்னது நகலெடுத்து ஒட்டும்போது வரும் வம்பு. வேறொரு கோப்பை இணைத்துக் காட்டும் எக்ஸ்ரெஃபில் இது இன்னும் நயமாக வரும். இணைப்பாக இருக்கும்வரை கோப்பின் பெயர், ஒரு நெட்டைக் கோடு, பிறகு பிளாக்கின் பெயர் என்று பிரிந்தே நிற்கும், மோதல் இல்லை. அனுப்பும் நேரத்தில் ஒரே கோப்பாகக் கேட்பார்கள். அப்போது பைண்ட், இன்சர்ட் என இரண்டு வழிகள். பைண்ட் கொடுத்தால், ‘பிளாக்ஏ’ என்ற கோப்பிலிருந்து வந்த ‘டி1’க்கு ‘பிளாக்ஏ$0$டி1’ என்று அவலட்சணமான பெயர் வரும். இன்சர்ட் கொடுத்தால் முன்னொட்டு போய்ப் பெயர் சுத்தமாகும், ஒரே பெயர்கள் ஒன்றாகவும் ஆகும்.

எங்களிடம் இரண்டு கட்டடங்கள், இரண்டிலும் ‘டி1’ என்ற கதவு. ஒன்றில் 900 மில்லிமீட்டர், மற்றதில் 1200. யாரோ அழகுக்காக இன்சர்ட் கொடுத்தார். இரண்டாம் கட்டடத்தின் ஒவ்வொரு வாசலிலும் கதவுக்குப் பக்கத்தில் 300 இடைவெளி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அசிங்கமான பெயர் தவறான கதவைவிட ஆயிரம் மடங்கு மேல். பெயர் உறுத்தினால் ரீநேம் பெட்டியில் ‘பிளாக்ஏ$0$*’ என்று உடுக்குறி போட்டு, புதிய பெயராக ‘ஏ-*’ கொடுங்கள். அத்தனையும் ஒரே வீச்சில் மாறும்.

ஜூரோங் ஈஸ்ட்:

கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் அரசுத் தளமான கோர்நெட் எக்ஸ் வந்துவிட்டது, பலரும் முப்பரிமாண மாதிரிக் கோப்புதான் கொடுக்கிறார்கள். இனியுமா இந்தத் தொல்லை?

காக்கி புக்கிட்:

அந்த மாதிரிகளைச் செய்யும் ரெவிட் மென்பொருளிலும் ஒரே பெயரில் வேறு வகையை ஒட்டினால், இந்தத் திட்டத்தில் உள்ளதையே பயன்படுத்துவேன் என்றுதான் சொல்லும். ஒரு பெட்டி திறந்து சொல்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. நம் ஆட்கள் அதைப் படிக்காமலே ஓகே அழுத்துவார்கள்.

செங்காங்:

ஒரு பெயருக்கு ஒரே வடிவம் என்ற இதே குணத்தை நான் ஆட்டோகேடில் வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். நிறுவனச் சின்னம் மாறியபோது, பழைய தலைப்புக் கட்டத்தின் பெயரிலேயே புதியதை இன்சர்ட் கட்டளையால் செருகி, மறுவரையறை செய்யவா என்ற கேள்விக்கு ஆம் என்றால் கோப்பிலுள்ள எல்லாத் தாள்களிலும் சின்னம் மாறிவிடும். ஒரு எச்சரிக்கை: புதிய கட்டத்தில் கூடுதலாக வைத்த அட்ரிபியூட் (தாளுக்குத் தாள் எழுத்து நிரப்பும் இடம்), ஏற்கெனவே போட்ட தாள்களில் தானாக வராது. ஆட்சிங்க் கட்டளை கொடுத்த பிறகே வரும். அந்தக் கட்டளை, யாராவது கையால் நகர்த்தி வைத்த எழுத்துகளையும் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். ஆகவே முதலில் ஒரு நகல் கோப்பில் செய்து பாருங்கள்.