வெள்ளத்துல ரப்பர் போட் ஓட்டினவங்க அனுபவம் சொல்லுங்க

முடிச்சூர்வாசி:
2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்போ சென்னை ஓரத்துல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தன்னார்வலரா மோட்டார் வெச்ச ரப்பர் போட்ல போனேன், பாத்ததை எழுதுறேன், மத்தவங்களும் சேருங்க.

ஏரியில ஓட்டுறது வேற, தெருவுல ஓட்டுறது வேற. முங்கிப்போன காம்பவுண்டு சுவத்து மேல பதிச்ச கண்ணாடி சில்லு, கேட்டோட கூர்க்கம்பி, பைக் ஹேண்டில்பார் எல்லாம் ஒரு முழத்துக்குக் கீழ நிக்குது, தண்ணி கலங்கிப்போய் இருக்குறதால ஒண்ணும் தெரியாது. அதனால முன்னாடி ஒருத்தர் கம்பால குத்திக் குத்திப் பாத்துட்டே வரணும், இஞ்சினை முடிஞ்ச அளவு தூக்கி வெச்சு நடக்குற வேகத்துல தான் போகணும். தனித்தனி காத்து அறைங்கறதால ஒண்ணு கிழிஞ்சாலும் உடனே முங்கிடாது, ஆனா பயந்துபோய் எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சாங்கன்னா முடிஞ்சுது கதை.

நம்ம கண்ணு முழுக்க கீழயே இருக்கும், மேல கேபிள் டிவி ஒயரு கரெக்டா கழுத்து உசரத்துக்கு வரும். தண்ணி அஞ்சடி ஏறிடுச்சுல்ல, நாமளும் ஏறிட்டோம். அது கேபிளா கரண்டான்னு யாருக்குத் தெரியும், அந்த ஏரியா லைன் ஆஃப்னு உறுதியா தெரியாம உள்ள நுழையாதீங்க.

வேகமா போனா அலை வீட்டுக்குள்ள அடிக்குது. ஒரு அம்மா ஜன்னல்லேந்து "தம்பி மெதுவா போப்பா, கட்டில் மேல வெச்ச அரிசி மூட்டை நனையுது"ன்னு கத்துனாங்க.

என்னைக் கேட்டா தண்ணிய விட இஞ்சினுக்குத்தான் அதிகம் பயப்படணும். மார்பளவு தண்ணில நிக்கிறவங்க போட்டைப் பாத்ததும் ஓடி வந்து பின்னாடி தான் புடிப்பாங்க, ப்ரொப்பெல்லர் அங்கதான் சுத்துது. ஆள் கிட்ட வந்தா நியூட்ரல் போட்டா போதாது, ஆஃப் பண்ணிடணும். அப்புறம் அந்த சிவப்பு சுருள் கயிறு, கில் ஸ்விட்ச்சோடது, அதை மணிக்கட்டுல மாட்டிக்கணும், ஓட்டுறவரு தவறி விழுந்தா கயிறு உருவி இஞ்சின் நின்னுடும். அதை இஞ்சின்லயே சுத்திக் கட்டிட்டு ஓட்டுறவங்களைப் பாத்தா எனக்கு செம கோவம் வரும்.

ஏரல்காரன்:
அண்ணாச்சி சொல்லுதது அத்தனையும் சரி. நமக்கு தூத்துக்குடி பக்கம் அதே டிசம்பர் 17, 18, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, தாமிரபரணி ஊருக்குள்ள வந்துட்டு. இங்க தெருவுலயே இழுவை. வீட்டுப் பக்கம் ஒதுக்கணும்னா மேல இருந்து இறங்கி வரக்கூடாது, கீழ இருந்து மூக்கை இழுவைக்கு எதிரா வச்சு ஏறி வரணும், அப்பதான் கையில நிக்கும். வாடகைக்கு வந்த போட்டு ஒண்ணு, கொஞ்ச தூரம் போய் நின்னுட்டு, ஸ்டார்ட் பண்ணுத கயித்தை இழுத்து இழுத்து தோளு கழண்டுட்டு, கடைசில பாத்தா பெட்ரோல் டேங்க் மூடியில உள்ள காத்துத் திருகு திறக்கவே இல்ல, அது மூடியிருந்தா பெட்ரோல் இஞ்சினுக்குப் போகாது. அதுக்குள்ள தண்ணி போட்டை ரொம்ப தூரம் இழுத்துட்டுப் போயிட்டு, துடுப்பு இருந்ததால ஒரு மரத்துல கயிறு போட்டோம். துடுப்பு இல்லாம மோட்டாரை நம்பி ஏறாதீங்க. சூடு தணிக்க உள்ள போய் இஞ்சின்ல இருந்து பீச்சுற தண்ணி நின்னாலும் உடனே ஆஃப் பண்ணணும், கேரி பேக் போய் அடைச்சிருக்கும், அப்படியே ஓட்டுனா இஞ்சின் சூடேறி போயிரும்.

புதுஆள்:
ப்ரோ ஒரு டவுட், காலைல கல்லு மாதிரி காத்து அடிச்சோம், தண்ணில போட்டதும் தொளதொளன்னு ஆயிடுச்சு, பஞ்சர்னு நெனச்சு இறக்கிட்டோம், ஓட்டையே இல்ல?

முடிச்சூர்வாசி:
பஞ்சர் இல்ல பாஸ், தண்ணி குளுமைக்கு உள்ள காத்து சுருங்கும். தண்ணில போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு கேஜ் வெச்சுப் பாத்து மறுபடி அடிங்க. திருப்பி வெயில்ல வெச்சீங்கன்னா கொஞ்சம் இறக்கி விடுங்க, இல்லன்னா ஒட்டு பிரிஞ்சிடும்.

ஏரல்காரன்:
முடிஞ்சதும் நல்ல தண்ணில கழுவி, நிழல்ல காயவச்சு, மடிச்சு உசரத்துல கட்டித் தொங்க விடுங்க. இங்க கோடவுன்ல தரையில போட்ட போட்டை எலி அரிச்சு வச்சிருந்துச்சு, அடுத்த மழைக்கு எடுக்கும்போதுதான் தெரிஞ்சுது.