மோட்டார் முனகுது, தண்ணி ஏறல. வெளியே எடுத்துத்தான் ஆகணுமா?

தன்லின்காரன்:
வணக்கம். எங்கள் வீட்டு டியூப்வெல் 160 அடி, 4 அங்குல கேசிங், 120 அடியில் 1 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் தொங்குகிறது. திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முடிந்ததிலிருந்து தொல்லை. கரண்ட் வரும் நேரத்தில் தொட்டியை நிரப்பினால்தான் உண்டு, அதுவும் பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வருகிறது, எழுந்து போய் சுவிட்சைப் போட்டால் ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டு பிரேக்கர் விழுந்துவிடுகிறது. பகலில் வந்தால் சில நாள் ஒழுங்காக ஓடுகிறது. மோட்டார் கடைக்காரர் வந்து பார்க்காமலே காயில் (உள்ளே இருக்கும் செப்புக்கம்பிச் சுற்று) போச்சு, 1.5 எச்.பி. போட்டுவிடுங்கள் என்கிறார். அம்மா பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார். வாங்கிவிடலாமா?

பெகு அண்ணன்:
அவசரப்படாதே தம்பி. காயில் எரிந்த மோட்டார் பகலில் மட்டும் நல்ல பிள்ளையாக ஓடாது. ராத்திரி கரண்ட் வந்ததும் தெருவே மோட்டாரைப் போடும், வோல்ட் படுத்துவிடும். 230 வர வேண்டிய இடத்தில் 160 வந்தால் மோட்டார் கிளம்பும் விசை பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் விசை வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். சுற்ற முடியாமல் கரண்டை மட்டும் இழுத்துச் சூடாகும், பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? மோட்டாரைப் போடும் அந்த நொடியில் மீட்டர் வைத்துப் பார். சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட்டை நம்பாதே.

மோல்மேன் எலக்ட்ரீசியன்:
அண்ணன் சொன்னதோடு கன்ட்ரோல் பெட்டியையும் திறந்து பாருங்கள். மெயினை அணைத்து, கண்டென்சரை (மோட்டார் கிளம்ப உதவும் டப்பா) டிஸ்சார்ஜ் செய்த பிறகு, அதாவது அதில் தேங்கிய கரண்டை இறக்கிய பிறகு மட்டும் கை வையுங்கள். கண்டென்சரின் தலை உப்பியிருந்தால், எண்ணெய் கசிந்திருந்தால் அதுதான் ஆள். மேலே அச்சடித்திருக்கும் மைக்ரோஃபாரட் அளவே வாங்க வேண்டும், கூடுதலாகப் போட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்புறம் போர் வாயில் கேபிளைக் கழற்றி, பெட்டியிலிருந்து பிரித்து, 500 வோல்ட் மெகர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்து எர்த்துக்குப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் தண்ணீருக்குள் இருக்கும் கேபிள் ஜாயின்டிலோ காயிலிலோ ஈரம் போயிருக்கிறது, அப்போதுதான் மேலே தூக்குகிற பேச்சு.

1.5 எச்.பி. வேண்டவே வேண்டாம். இந்த வோல்ட்டில் 1 எச்.பி.யே கிளம்பவில்லை, பெரியது எங்கே கிளம்பப் போகிறது?

தன்லின்காரன்:
பார்த்துவிட்டேன். ராத்திரி போடும்போது 165, பகலில் 215. கண்டென்சர் உப்பிப்போய் ஓரத்தில் பிசுபிசுவென்று இருந்தது. மாற்றியதும் பகலில் டக்கென்று கிளம்புகிறது. மெகரில் நல்லபடியாகக் காட்டியது. ராத்திரி இன்னும் முனகல்தான். ஒரு விஷயம் புதிதாகக் கவனித்தேன், பகலில் ஓடும்போது கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் விட்டுவிட்டுக் காற்றோடு துப்புகிறது.

பெகு அண்ணன்:
அது மோட்டார் குறை இல்லை, கோடையில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். மோட்டார் இழுக்கிற வேகத்துக்கு ஊற்று வரவில்லை. வெளியே வரும் குழாயில் கேட் வால்வு போட்டு, துப்பல் நிற்கும்வரை கொஞ்சம் மூடி ஓட்டு. வெறும் குழாயில் ஓடினால் உள்ளே இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) தேய்ந்துவிடும், இவ்வளவு செய்ததும் வீண்.

மோல்மேன் எலக்ட்ரீசியன்:
ராத்திரிக்கு லோ வோல்டேஜ் கட்-ஆஃப் (வோல்ட் குறைந்தால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி) ஒன்று போடுங்கள், டைமரோடு வருவது நல்லது. ஜெனரேட்டரில் ஓட்ட நினைத்தால் சின்னது தாங்காது, கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப்போல 4 முதல் 6 மடங்கு இழுக்கும், குறைந்தது 3 கே.வி.ஏ. இருந்தால்தான் நிம்மதி.

என்றைக்காவது மாற்றும்படி ஆனால் கேபிளைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். குழாயில் நிற்கும் தண்ணீரே 30 கிலோவுக்கு மேல், அதோடு மோட்டாரும் குழாயும். நைலான் கயிற்றோடு நான்கு பேராவது வேண்டும். புது மோட்டாரைச் சேற்றைத் தொடாமல் அடியிலிருந்து 10 அடியாவது தள்ளித் தொங்கவிடுங்கள், கேபிள் ஜாயின்டுக்குச் சாதா டேப் போதாது, ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போடச் சொல்லுங்கள்.

தன்லின்காரன்:
சரி அண்ணே, வால்வு நாளைக்கே போட்டுவிடுகிறேன். கடைக்காரரிடம் மோட்டார் வேண்டாம் என்று சொல்லியாயிற்று, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.