அம்மம்மா வளவு குழு, மட்டக்களப்பு: தர்ஷி கலியாண ஹோல்

வசந்தி அக்கா: ஐயர் நாள் வைத்துத் தந்துவிட்டார். ஆகஸ்ட் 29, காலை முகூர்த்தம். வெளியில் இருப்பவர்கள் இப்போதே லீவு போடுங்கள்.

கண்ணன்: கல்லடி ஹோல் அன்றைக்கு வெறுமையாம். 400 பேர் இருக்கலாம். அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

சாந்தி மாமி: 400 காணுமா? எங்கள் பக்கமே 150.

றவி ஹூஸ்டன்: அக்கா, அந்தக் கிழமை எனக்கு நியூ ஓர்லியன்ஸில் கம்பெனி மாநாடு. மோரியல் கன்வென்ஷன் சென்டரில். விட ஏலாது. ஒரு கிழமை தள்ளலாமா?

வசந்தி அக்கா: ஐயர் குறித்த நாளை உன் கம்பெனிக்காக மாற்றவா?

சாந்தி மாமி: அவன் எந்தக் கலியாணத்துக்குத்தான் வந்தான்.

பெரியப்பா: நியூ ஓர்லியன்ஸா மனே? வெபர் மைதானத்தில் பந்தடித்த உங்களில் ஒருவனுக்கும் தெரியாது, வெபர் சுவாமி எங்கிருந்து வந்தவர் என்று. நியூ ஓர்லியன்ஸ் இயேசு சபைக் குருமார்தான் மைக்கேல் கல்லூரிக்கு வந்தார்கள். கூடைப்பந்து படிப்பித்த ஹெபேர்ட் சுவாமியும் அந்தக் கூட்டம்தான்.

பபா சின்னம்மா: ஹெபேர்ட் சுவாமி... 90 ஆகஸ்ட். வாழைச்சேனையால் வரும்போது காணாமல் போனவர்.

வசந்தி அக்கா: சின்னம்மா, கலியாணக் கதைக்குள் அதை எடுக்காதீர்கள்.

கண்ணன்: பெரியப்பா, அட்வான்ஸ்?

பெரியப்பா: பொறு. றவி போகிறது சும்மா மண்டபம் இல்லை. 1984இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உலகக் கண்காட்சி வைத்தார்கள். நடந்துகொண்டிருக்கும்போதே வங்குரோத்து. அதற்குக் கட்டிய பெரிய மண்டபம் மட்டும் மிஞ்சி, 1985இல் மாநாட்டு மண்டபம் ஆனது. பிறகு நீட்டி நீட்டி, கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் வந்துவிட்டது. அந்த நகரின் முதல் கறுப்பின மேயர் ஏர்னஸ்ட் மோரியலின் பெயரை வைத்தார்கள்.

சாந்தி மாமி: கேட்டியா வசந்தி. கடன் பட்டு விழா வைத்தால் அதுதான்.

வசந்தி அக்கா: யார் மாமி கடன் பட்டது?

சாந்தி மாமி: பொதுவாகச் சொன்னேன். சீதன வீட்டுக்குப் பூச்சு முடிந்ததா?

தர்ஷி: ஏசி இருந்தால் எந்த ஹோலும் சரி. மேக்கப் கரையக்கூடாது.

பெரியப்பா: அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சூப்பர்டோம், கூரை போட்ட பெரிய விளையாட்டு அரங்கு. 1971இல் தொடங்கி 1975இல் திறந்தார்கள். 4.6 கோடி டொலர் என்று கணக்குக் காட்டி 16 கோடியும் தாண்டியது. பக்கத்தில் பழைய சவக்காலை இருந்த நிலம் என்று சனம் இன்னும் கதைக்கும். முகமது அலி மூன்றாவது தடவை குத்துச்சண்டைப் பட்டம் எடுத்தது அங்கேதான், 1978 செப்டெம்பர். இரண்டு மாதம் கழித்து எங்களுக்குப் புயல்.

பபா சின்னம்மா: நவம்பர் 23. உங்கள் வீட்டு ஓடு எங்கள் கிணற்றுக்குள் கிடந்தது.

சாந்தி மாமி: சவக்காலையா? றவி, நீ அந்தப் பக்கம் போகாதே.

றவி ஹூஸ்டன்: மாமி, அது கார் பார்க் பக்கம்.

பெரியப்பா: இதையும் கேளுங்கள். 2005 ஆகஸ்ட் 29, நியூ ஓர்லியன்ஸ் பக்கம் கத்ரீனா புயல் கரையேறின நாள்.

வசந்தி அக்கா: ஐயோ பெரியப்பா. நாள் வைத்த அன்றைக்கே.

சாந்தி மாமி: நான் சொல்லவில்லை, ஐயரை இன்னொருக்கால் கேளுங்கள் என்று.

பெரியப்பா: நாள் என்ன செய்யும். நான் சொல்ல வந்தது வேறு. காரில்லாத சனம் 20,000க்கு மேல் சூப்பர்டோமுக்குள் ஒதுங்கியது. கூரைத் தகடு கழன்று மழை உள்ளே. ஜெனரேட்டர் மங்கல் வெளிச்சத்துக்குத்தான் காணும், ஏசிக்கு இல்லை. குழாய்த் தண்ணீர் நின்றது, கக்கூஸ் நிரம்பி வழிந்தது. றவியின் மண்டபத்தில் அதைவிட மோசம். அதை அகதி முகாம் என்று யாரும் ஒழுங்கு செய்யவே இல்லை, சனம் தானாகப் போய் நிறைந்தது. சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, நாலைந்து நாள்.

பபா சின்னம்மா: எங்களுக்குச் சுனாமி வந்து எட்டு மாதம்தான் அப்போது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். ஆனால் அன்று பின்னேரமே யாரோ சோற்றுப் பார்சலோடு வந்துவிட்டார்கள்.

வசந்தி அக்கா: ஓம். பருப்பும் சோறும்.

கண்ணன்: ஹோல்காரர் திரும்பவும் கோல் எடுக்கிறார்.

பெரியப்பா: அதுதான் கண்ணா, இரண்டே கேள்வி கேள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏசியையும் இழுக்குமா, லைட்டுக்கு மட்டுமா? தண்ணீர் டாங்கி எத்தனை லீற்றர்? கதிரைக் கவரின் நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

தர்ஷி: கதிரைக் கவர் பீச் கலர்.

றவி ஹூஸ்டன்: பெரியப்பா, இப்போது அந்த மண்டபம் நல்ல நிலையில்தானே?

பெரியப்பா: 2006 ஜூனிலேயே அமெரிக்க நூலகச் சங்கம் அங்கே மாநாடு வைத்துவிட்டது. புயலுக்குப் பிறகு வந்த முதல் பெரிய கூட்டம் அவர்கள்தான். புத்தகக்காரருக்குப் பயமில்லை. சூப்பர்டோமும் அந்தச் செப்டெம்பரில் திறந்தது.

கண்ணன்: கேட்டேன். ஜெனரேட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டுமாம். ஏசிக்கு வேறு ஒன்று வாடகைக்கு எடுக்கட்டாம், காசு எங்களுடையது.

சாந்தி மாமி: அப்போது தேவநாயகம் மண்டபத்தைப் பாருங்கள்.

வசந்தி அக்கா: மாப்பிள்ளை வீட்டார் கல்லடி என்று சொல்லிவிட்டார்கள் மாமி.

சாந்தி மாமி: ஓ, அவர்களிடம் முதலே கேட்டாச்சா? போன கலியாணத்தில் ஆலாத்திக்கும் என்னை இப்படித்தான் விட்டீர்கள்.

பபா சின்னம்மா: தயிர்ச் சட்டிக்கு யார் சொல்லுவது?

றவி ஹூஸ்டன்: ஜெனரேட்டர் காசு நான் அனுப்புகிறேன். எவ்வளவு?

சாந்தி மாமி: காசு வரும். ஆள் வராது.

கண்ணன்: நாளை 5 மணி மட்டும் பிடித்து வைக்கிறாராம். ஓமா, இல்லையா?

வசந்தி அக்கா: அத்தான் வேலையால் வரட்டும்.