சமுதாய வானொலி: நிகழ்ச்சியைத் தீர்மானிப்பது யார்?

முல்லைநிலம்:
எங்கள் ஒன்றியத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக இயங்கிவரும் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பு, சுற்றுவட்டார மக்களுக்காக உள்ளூர் அமைப்பே நடத்தும் சிறிய எஃப்.எம். நிலையமான சமுதாய வானொலி ஒன்றைத் தொடங்க விரும்புகிறது. பதிவு பெற்று, மூன்றாண்டுகளாவது மக்கள் பணி செய்த அமைப்புகள் விண்ணப்பிக்கலாம் என்பதால் தகுதியில் சிக்கல் இல்லை. ஆனால், திட்ட அறிக்கை எழுதித் தர வந்த ஆலோசகர், கட்டடத்துக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் கோபுரத்துக்கும் நாற்பது பக்கங்கள் ஒதுக்கிவிட்டு, நிகழ்ச்சிகளுக்கு அரைப் பக்கம்தான் கொடுத்திருக்கிறார். அதிலும் மருத்துவர் பேசுவார், வேளாண் அலுவலர் பேசுவார் என்று இருக்கிறதே தவிர, எங்கள் பெண்கள் பேசுவதாக ஒரு வரிகூட இல்லை. கூட்டத்தில் அதை வாசித்தபோது, "அப்ப நாங்க கேக்க மட்டுந்தானா?" என்றார் ஓர் அக்கா. உள்ளூர் மக்களே தீர்மானித்து நடத்தும் நிலையம் எங்கேனும் உண்டா? அவர்கள் எதிலிருந்து தொடங்கினார்கள்?

செம்மண்:
தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே மச்சனூர் என்ற சிற்றூரில் இயங்கும் சங்கம் ரேடியோவைப் பாருங்கள். டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற தன்னார்வ அமைப்பின் மகளிர் சங்கங்களைச் சேர்ந்த தலித் பெண்கள் நடத்தும் அந்நிலையம் 2008 அக்டோபர் 15 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆனால், யுனெஸ்கோ உதவியுடன் அமைந்த அதன் ஒலிப்பதிவுக் கூடம் அதற்குச் சுமார் பத்தாண்டுகள் முன்பே தயாராகிவிட்டது. வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருந்தும், முதலில் கல்வி நிறுவனங்களுக்குத்தான் கதவு திறந்தது. அந்த வழியில் 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வந்தது. தன்னார்வ அமைப்புகளுக்கு 2006 நவம்பரில்தான் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அப்பெண்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. விதை, சிறுதானியம், நாட்டு வைத்தியம், பாட்டு என்று பதிவு செய்து, அந்த ஒலிநாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். தங்கள் வட்டாரத் தெலுங்கிலேயே பேச வேண்டும் என்பதில் பிடிவாதமாகவும் இருந்தார்கள். ஆகவே உரிமம் வந்தபோது, என்ன பேசுவது என்று வெளியாள் ஒருவர் சொல்லித்தர வேண்டிய நிலை அங்கே இருக்கவில்லை. உங்கள் கூட்டமைப்பும் விண்ணப்பத்துக்கு முன் ஓராண்டு பதிவு செய்து பழகட்டும் என்பேன்.

ஆறாம்கட்டை:
நான் ஒரு சமுதாய வானொலியில் ஆறாண்டுகள் வேலை பார்த்தவன். 100 வாட் ஆற்றலில், சமதரையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும். குன்றுகள் குறுக்கிட்டால் அதுவும் குறையும். கோபுரம் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது. இவையெல்லாம் கணக்குப் போட்டுச் சரிசெய்யக்கூடிய விஷயங்கள். நாங்கள் தவறு செய்தது வேறிடத்தில். ஒலிப்பதிவு அறையை வட்டத் தலைநகரில், அமைப்பின் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வைத்துவிட்டோம். ஊருக்குத் திரும்பக் கடைசிப் பேருந்து மாலை ஆறரைக்கு என்பதால், காட்டு வேலை முடித்த பெண்கள் எவரும் வர முடியவில்லை. ஓராண்டுக்குள் சம்பளத்துக்கு இருந்த நாங்கள் நால்வரே எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தோம். பிறகுதான் ஊருக்கு ஒரு ரெக்கார்டர் கொடுத்தோம். கன்று ஈன்ற பசுவைப் பராமரிப்பது பற்றி ஓர் அம்மா தொழுவத்திலிருந்தே பேசி அனுப்பிய பதிவில் கழுத்துமணிச் சத்தம் ஓயாமல் கேட்டது. எடிட்டிங்கில் அதை நீக்க முனைந்தபோது, "மணிச் சத்தத்த எடுத்துட்டா மாடு எங்கய்யா இருக்கு?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அப்படியே ஒலிபரப்பினோம்.

வாய்க்கால்மேடு:
நண்பர்கள் இருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப முடியாது; அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் மறுஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவே. குடிநீர், மின்தடை, தேர்வு, வானிலை, திருவிழா போன்ற அறிவிப்புகளுக்குத் தடையில்லை. ஆக, நாளை குடிநீர் வராது என்று அறிவிக்கலாம். மூன்று வாரமாக ஏன் வரவில்லை என்று கேட்கும்போதுதான், உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு நடுக்கம் வருகிறது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் கடிதம் அனுப்புவதற்கு முன்பே நிர்வாகம் தானாகவே அந்தப் பதிவை ஒதுக்கி வைத்துவிடும். பாதியளவு நிகழ்ச்சிகளாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்ற விதி ஏட்டில் இருக்கிறது. பேட்டி கொடுத்ததையே பங்கேற்பு என்று கணக்குக் காட்டும் நிலையங்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே, ஒரு பதிவை ஒலிபரப்ப வேண்டாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை இப்போதே தீர்மானமாக எழுதி, கூட்டத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

முல்லைநிலம்:
மூவருக்கும் நன்றி. ஆலோசகரின் அறிக்கையை நிறுத்தி வைத்துவிட்டோம். வரும் மாதக் கூட்டத்துக்கு நான்கு ஊர்களிலிருந்து, கைபேசியில் பதிவு செய்த பத்து நிமிடப் பேச்சுகள் வருகின்றன. கேள்வி கேட்ட அந்த அக்கா, ஏரி மதகு பழுதானதைப் பற்றிப் பேசப் போவதாகச் சொல்லியிருக்கிறார். வாய்க்கால்மேடு அவர்கள் சொன்ன தீர்மானத்தை அந்த அக்காவின் பேச்சைக் கேட்ட கையோடு எழுதலாம் என்றிருக்கிறோம்.